வழியும் விரைவும்

தமிழில் 'ஆறு' என்னும் சொல் பல பொருள் உடையது. நீர் ஓடும் நெறியும் ஆறு. மக்கள் செல்லும் வழியும் ஆறு. பரிசில் பெற்று வந்த பாணனும் கூத்தனும் வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைப் பிறர்க்குக் கூறுவதாக அமைந்த பாட்டுக்கு 'ஆற்றுப்படை' என்று பெயர் வந்ததும் இப்பொருள் பற்றியே ஆகும். நீரோட்டத்திற்கும் மக்களோட்டத்திற்கும் ஒப்புமை மிகுதி. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. நீர் தன் வழியைத் தேர்ந்து செல்வதில்லை. பள்ளம் நோக்கிப் பாய்வது அதன் இயல்பு. மக்களோ எண்ணிப் பார்த்து, ஏற்றதைத் தேர்ந்து செல்கின்றனர். அவ்வாறு ஒவ்வொருவரும் தமக்கு நலம் என்று தேர்ந்த வழி, எல்லார்க்கும் இன்னலாய் முடிவதும் உண்டு. பெருநகரச் சாலைகளில் நாள்தோறும் நிகழும் இவ்வியப்பு அறிந்துகொள்ளத் தக்கது.

ஒரு நகரின் மேற்குப் புறத்தில் வாழும் தொழிலாளர் ஒருவர் கிழக்குப் புறத்திலுள்ள ஆலைக்கு நாள்தோறும் செல்கிறார் என்று கொள்க. அவர்க்கு வழிகள் இரண்டு. ஒன்று, கடைவீதியின் ஊடே செல்வது. அதன் நீளம் 6 கிலோமீட்டர். மற்றொன்று, ஊரைச் சுற்றிச் செல்லும் புறவழி. அதன் நீளம் 12 கிலோமீட்டர். விடியற்காலையில் கடைவீதி வெறிச்சோடிக் கிடக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி 12 நிமிடங்களில் அவ்வழியைக் கடந்துவிடும். அதே வேளையில் புறவழியில் மணிக்கு 48 கிலோமீட்டர் விரைவில் சென்றாலும் 15 நிமிடங்கள் ஆகும். ஆதலின் விடியற்காலையில் குறுகிய வழியே விரைந்த வழியும் ஆகின்றது.

காலை ஒன்பது மணிக்கு நிலைமை வேறு. கடைவீதியில் சரக்கு வண்டிகள் நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கின்றனர். பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று நின்று செல்கின்றன. விரைவு மணிக்கு 12 கிலோமீட்டராகக் குறைகின்றது. அதனால் அவ்வழியைக் கடக்க 30 நிமிடங்கள் வேண்டும். புறவழியிலும் கூட்டம் உண்டு. எனினும் மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் செல்ல இயலுமாயின், 18 நிமிடங்களில் ஆலையை அடைந்துவிடலாம். இரு சாலைகளின் நீளமும் மாறவில்லை. விரைந்த வழி எது என்பது மட்டும் மாறிவிட்டது. ஆகவே தொலைவு வேறு, காலம் வேறு என்பதும், சாலையின் நீளத்தை நிலம் வரையறுக்க, அதைக் கடக்கும் காலத்தைக் கூட்டம் வரையறுக்கின்றது என்பதும் புலனாகும்.

இரண்டே வழிகள் இருப்பின் ஒப்பிட்டுத் தேர்வது எளிது. ஆயிரக்கணக்கான சந்திகளும் தெருக்களும் வலைபோல் பின்னிக் கிடக்கும் நகரில் விரைந்த வழியைக் காண்பது எங்ஙனம்? இதற்கு ஒரு சிறந்த முறையை 1956 ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு அறிஞர் எட்சர் டைக்ஸ்ட்ரா கண்டறிந்தார். ராட்டர்டாம் நகரிலிருந்து குரோனிங்கன் நகருக்குச் செல்லக் குறுகிய வழி யாது என்பதே அவர் எண்ணிய வினா. ஆம்ஸ்டர்டாம் நகரில் காப்பிக்கடை ஒன்றில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இன்றி, ஏறத்தாழ இருபது நிமிடங்களில் அம்முறையை மனத்துள்ளேயே வகுத்துவிட்டதாக அவர் பிற்காலத்தில் கூறினார். 1959 ஆம் ஆண்டில் அது கட்டுரையாக வெளிவந்தது.

அம்முறையின் கருத்து எளியது. குளத்தில் கல்லெறிந்தால் அலைவட்டம் விரிந்துகொண்டே செல்லும். அருகிலுள்ள பொருளை அது முதலிலும், தொலைவிலுள்ள பொருளைப் பின்னரும் தொடும். அதுபோலவே புறப்படும் இடத்திற்கு மிக அண்மையிலுள்ள சந்தியை முதலில் குறிக்க வேண்டும். பிறகு, குறித்த சந்திகள் வழியாக அடையத்தக்கவற்றுள் மிக அண்மையில் உள்ளதைக் குறிக்க வேண்டும். இவ்வாறே முறையாகச் சென்றால், சேரவேண்டிய இடம் குறிக்கப்படும்போது அதற்குரிய மிகக் குறுகிய வழியும் விளங்கிவிடும். ஒவ்வொரு சாலைக்கும் நீளத்திற்கு மாறாக, அதைக் கடக்கும் காலத்தை எழுதிக்கொண்டால், இம்முறையே விரைந்த வழியையும் காட்டும். இக்காலத்துக் கைப்பேசிகள் வழிகாட்டும் முறைகளுக்கெல்லாம் இக்கருத்தே அடிப்படை எனலாம்.

ஆயினும் இம்முறை ஒன்றை முன்னரே அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சாலையையும் கடக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதே அது. அக்காலமோ ஒரு நிலையில் நிற்பதன்று. கூட்டம் பெருகுந்தோறும் அது நீளும். அதுவும் சீராக நீளாது. சாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்தில் இத்தனை ஊர்திகளே செல்ல இயலும் என்னும் வரம்பு உண்டு. அவ்வரம்பிற்கு மிகக் கீழே ஊர்திகளின் தொகை இருக்குமளவும், நூறு ஊர்திகள் கூடுதலாக வந்தாலும் வேறுபாடு தோன்றாது. வரம்பை நெருங்கிய பின்னரோ, சில ஊர்திகள் மிகுந்தாலும் நீண்ட வரிசை நின்றுவிடும். விளிம்புவரை நிறைந்த குடத்தில் மேலும் ஒரு கை நீர் வார்ப்பது போன்றது அது.

நெரிசல் தோன்றுவதற்கு விபத்தோ பள்ளமோ இருந்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. சப்பான் நாட்டு ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று 2008 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓடச் செய்தனர். எல்லாரும் ஒரே விரைவில் செல்ல வேண்டும் என்று ஓட்டுநர்க்குக் கூறப்பட்டது. பாதையில் மேடில்லை, பள்ளமில்லை. குறுக்கே வருவாரும் இல்லை. ஆயினும் சிறிது நேரத்தில் ஒருவர் விரைவைச் சற்றே குறைக்க, அவர்க்குப் பின்வந்தவர் அதனினும் மிகுதியாகக் குறைக்க, முடிவில் சில கார்கள் முற்றும் நின்றுவிட்டன. முன்னின்ற கார் நகர்ந்தவுடன் பின்வந்தது நின்றது. இங்ஙனம் ஊர்திகள் முன்னோக்கிச் செல்ல, நெரிசல் மட்டும் அலைபோல் பின்னோக்கிச் சென்றது. ஒருவரது சிறு தயக்கம் பலரைத் தடுக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கூட்டம் வழியை மாற்றுகின்றது; வழி மாறினால் கூட்டமும் மாறுகின்றது. இவ்வாறு ஒன்றையொன்று தொடரும் மாற்றத்திற்கு முடிவு உண்டா? இவ்வினாவிற்கு 1952 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர் ஜான் கிளென் வார்டுராப் விடை கூறினார். கடைவீதியில் நேரம் மிகுந்தால் சிலர் புறவழிக்கு மாறுவர். அதனால் கடைவீதியில் கூட்டம் குறையும், புறவழியில் கூடும். இரு வழிகளிலும் ஆகும் நேரம் ஒன்றாகும் வரை இம்மாற்றம் தொடரும். ஒன்றான பின்னர், வழி மாறுவதால் எவர்க்கும் பயன் இல்லை. கால்வாயால் இணைந்த இரு குளங்களில் நீர்மட்டம் ஒத்து நிற்பது போன்றதே இந்நிலை. இதனைச் சமநிலை என்பர். ஒருவர் மட்டும் அறிந்த சந்துவழி அவர்க்குப் பயன் தரும். ஊரார் அனைவரும் அதை அறிந்த பின்னர் அதன் சிறப்பு ஒழிந்துபோகும்.

வார்டுராப் மற்றோர் உண்மையையும் எடுத்துக் காட்டினார். ஒவ்வொருவரும் தம் நேரத்தை மட்டும் எண்ணித் தேரும்போது அமையும் நிலை ஒன்று. எல்லாருடைய நேரத்தையும் கூட்டிப் பார்க்கும்போது மிகக் குறைந்த நேரம் ஆகும் நிலை வேறொன்று. இவ்விரண்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. என்னை காரணம் எனின், நெரிசலான சாலையில் புகுவோர் தமக்கு ஆகும் தாமதத்தைக் கணக்கிடுகின்றனரேயன்றித் தம்மால் பிறர்க்கு ஆகும் தாமதத்தைக் கணக்கிடுவதில்லை. ஒருவர் தம் ஊர்தியைச் சாலையில் நுழைத்ததால், பின்வரும் நூறு ஊர்திகளுக்கும் மும்மூன்று நொடிகள் தாமதம் ஆவதாகக் கொள்க. அவர் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டது 300 நொடிகள், அதாவது 5 நிமிடங்கள். இது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்று நொடி தாமதித்தவர் எவரும் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை. ஆயினும் மருத்துவமனையை நோக்கி விரையும் ஊர்தியில் உயிருக்குப் போராடும் நோயாளிக்கு, இச்சிறு நொடிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்த பெருவரிசையே தடையாய் நிற்கின்றது.

இக்கருத்தின் வியத்தகு விளைவு ஒன்றை 1968 ஆம் ஆண்டில் செருமானியக் கணித அறிஞர் தீட்ரிச் பிராய்ஸ் வெளியிட்டார். புதிய சாலை ஒன்றை அமைப்பதாலேயே அனைவரது பயணமும் தாமதமாகலாம் என்பது அவர் கண்ட முடிவு. கேட்டவுடன் நம்பத் தகாததாகத் தோன்றும் இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்கு நாள்தோறும் காலையில் 600 ஊர்திகள் செல்கின்றன. வடக்கு வழி, தெற்கு வழி என வழிகள் இரண்டு. வடக்கு வழியில் முதலில் ஒரு குறுகிய தெருவும், பின்னர் ஓர் அகன்ற சாலையும் உள்ளன. தெற்கு வழியில் முதலில் அகன்ற சாலையும், பின்னர்க் குறுகிய தெருவும் உள்ளன. அகன்ற சாலையைக் கடக்க எப்போதும் 35 நிமிடங்கள் ஆகும். அங்குக் கூட்டத்தால் மாறுதல் இல்லை. குறுகிய தெருவிலோ 20 ஊர்திகளுக்கு ஒரு நிமிடம் என்ற அளவில் நேரம் கூடும். 600 ஊர்திகளும் வழிக்கு 300 ஆகப் பிரிந்து செல்கின்றன. குறுகிய தெருவில் 15 நிமிடங்கள், அகன்ற சாலையில் 35 நிமிடங்கள், ஆக 50 நிமிடங்களில் எல்லாரும் ஊர் சேர்கின்றனர்.

இவ்விரு வழிகளின் நடுவே ஓடும் ஓடையின்மேல் புதிய பாலம் ஒன்று கட்டப்படுகின்றது. வடக்கு வழியின் குறுகிய தெரு முடியும் இடத்திலிருந்து, தெற்கு வழியின் குறுகிய தெரு தொடங்கும் இடத்திற்கு அப்பாலத்தின் வழியே ஒரே நிமிடத்தில் செல்லலாம். முதல் நாள் ஒருவர் மட்டும் அவ்வழியே செல்கிறார். ஒரு தெருவில் 15 நிமிடங்கள், பாலத்தில் 1 நிமிடம், மற்றத் தெருவில் 15 நிமிடங்கள், ஆக 31 நிமிடங்களில் அவர் ஊர் சேர்ந்துவிடுகிறார். செய்தி பரவுகின்றது. மறுநாள் பலரும், சில நாள்களில் அனைவரும் பாலத்தின் வழியே செல்லத் தொடங்குகின்றனர். இப்போது 600 ஊர்திகளும் இரு குறுகிய தெருக்களையும் கடக்கின்றன. ஒவ்வொரு தெருவிலும் 30 நிமிடங்கள், பாலத்தில் 1 நிமிடம், ஆக 61 நிமிடங்கள் ஆகின்றன! முன்னர் 50 நிமிடங்களில் சென்றவர்கள், பாலம் வந்த பின்னர் 61 நிமிடங்கள் செலவிடுகின்றனர்.

அவர்கள் பழைய வழிக்குத் திரும்பினால் என்ன என்று வினவலாம். ஒருவர் மட்டும் திரும்பினால் அவர்க்குக் குறுகிய தெருவில் 30 நிமிடங்களும் அகன்ற சாலையில் 35 நிமிடங்களும், ஆக 65 நிமிடங்கள் ஆகும். அது 61 நிமிடங்களினும் மிகுதி. ஆகவே தனியொருவர் திரும்புவதால் அவர்க்கு நட்டமே உண்டாகும். அனைவரும் கூடித் திரும்பினால் அனைவர்க்கும் 11 நிமிடங்கள் மிச்சமாகும். 600 பேர்க்கும் கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 110 மணி நேரம்! தனித்தனியே அறிவுடையோராய் நடந்த அறுநூற்றுவர், ஒருங்கே இவ்வளவு காலத்தை இழந்தனர். புதிய சாலைகள் எல்லாம் இவ்வாறு தீமை பயக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் கூடாது. சாலை அமைப்பதற்கு முன்னர், மக்கள் எவ்வழியே மாறிச் செல்வர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே கருத்து.

சாலையைக் கூட்டினால் நெரிசல் கூடுமாயின், சாலையைக் குறைத்தால் என்ன ஆகும்? தென்கொரிய நாட்டின் தலைநகராகிய சியோல் இதற்குச் சிறந்த சான்று தருகின்றது. அந்நகரின் நடுவே சொங்கேச்சொன் என்னும் சிற்றாறு ஓடுகின்றது. 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரியப் போரால் வீடிழந்த மக்கள் அதன் கரையில் குடிசை அமைத்துத் தங்கினர். கழிவுநீர் கலந்து ஆறு மாசுற்றது. 1958 ஆம் ஆண்டு முதல் அதன்மேல் காரைத் தளம் இட்டு மூடினர். மூடிய தளத்தின்மேல் சாலை ஓடிற்று. பின்னர் அச்சாலைக்கு மேலும் தூண்கள் நிறுத்தி, உயர்மட்டச் சாலை ஒன்றையும் அமைத்தனர். நீர் ஓடிய ஆறு மறைந்தது. ஊர்திகள் ஓடும் ஆறு தோன்றிற்று.

ஆண்டுகள் சென்றன. உயர்மட்டச் சாலை பழுதுற்றது. அதைச் செப்பனிட்டுக் காப்பதா, இடித்துவிடுவதா என்னும் வினா எழுந்தது. அப்போதைய நகரத் தலைவர் லீ மியங் பாக், சாலையை அகற்றி ஆற்றை மீட்க முடிவு செய்தார். சுற்றுப்புற வணிகர் பலர் எதிர்த்தனர். நாள்தோறும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட ஊர்திகள் சென்ற வழியை அடைத்தால் நகரமே நின்றுவிடும் என்று அஞ்சினோரும் பலர். 2003 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இடிக்கும் பணி தொடங்கிற்று. 2005 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்திற்கு ஆறு மீண்டும் கதிரொளி கண்டது.

அஞ்சியவாறு நகரம் நின்றுவிடவில்லை. சாலையில் சென்ற ஊர்திகள் அனைத்தும் பிற தெருக்களில் வந்து குவியவும் இல்லை. சிலர் வேறு வழி தேர்ந்தனர். சிலர் புறப்படும் நேரத்தை மாற்றினர். பலர் ஊர்தியை விடுத்துச் சுரங்க இரயிலையும் பேருந்தையும் நாடினர். இது தானே நிகழ்ந்ததன்று. 2004 ஆம் ஆண்டு சூலைத் திங்களிலேயே சியோல் நகராட்சி பேருந்து முறையைத் திருத்தியமைத்தது. பெருஞ்சாலைகளின் நடுவே பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்கிற்று. பேருந்துக்கும் சுரங்க இரயிலுக்கும் ஒருங்கிணைந்த கட்டணத்தை வகுத்தது. ஒன்றை அகற்றியதோடு மற்றொன்றையும் திருத்தியதே அப்பணியின் வெற்றிக்குக் காரணம் எனலாம். இன்று அவ்வாற்றங்கரையில் மக்கள் உலாவி மகிழ்கின்றனர்.

இக்காலத்தில் ஓட்டுநர்க்குத் துணையாக வந்துள்ளது கைப்பேசி. ஊர்தியில் செல்வோரின் கைப்பேசிகள் தாம் இருக்கும் இடத்தையும் செல்லும் விரைவையும் இடையறாது தெரிவிக்கின்றன. அச்செய்திகளைத் தொகுத்து, எந்தச் சாலையில் நெரிசல் உள்ளது என்று கணித்து, விரைந்த வழியைக் கருவி காட்டுகின்றது. இதனால் விளையும் நன்மை பெரிதே. ஆயினும் பலர்க்கும் ஒரே வேளையில் ஒரே சந்து காட்டப்படுமாயின், அச்சந்து விரைந்த வழியாக நிலைத்தல் அரிது. அமெரிக்க நாட்டில் நியூயார்க்கு நகரை அடுத்துள்ள லியோனியா என்னும் சிற்றூரில், கருவி காட்டிய வழியே வந்த ஊர்திகளால் குடியிருப்புத் தெருக்கள் நிறைந்தன. வீட்டு வாயிலிலிருந்து தம் ஊர்தியை வெளியே கொணரவும் மக்கள் இடர்ப்பட்டனர். அவ்வூரார் 2018 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நெரிசல் வேளைகளில் தம் உட்தெருக்கள் வழியே வெளியூரார் கடந்து செல்வதைத் தடை செய்தனர். ஒருவர்க்கு விரைந்த வழி, மற்றொருவர்க்கு வீட்டு வாயில் என்பதைக் கருவி அறிவதில்லை.

இந்நோய்க்கு மருந்து இல்லையோ எனின், உண்டு. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோம் பல தீவுகளின்மேல் அமைந்த நகரம். பாலங்களின் வழியே நடுநகருள் புகும் ஊர்திகளால் அங்கு நெரிசல் மிக்கது. 2006 ஆம் ஆண்டு சனவரி முதல் சூலை வரை, பகல் வேளையில் நடுநகருள் புகும் ஊர்திகளுக்கும் வெளியேறும் ஊர்திகளுக்கும் கட்டணம் பெற்று ஒரு சோதனை நடத்தினர். கூட்டம் மிகுந்த வேளையில் கட்டணம் மிகுதி. மற்ற வேளையில் குறைவு. ஊர்தி வைத்திராதவரும் கட்டணம் செலுத்த இயலாதவரும் இடர்ப்படாவண்ணம், முந்திய ஆண்டிலேயே கூடுதலான பேருந்துகளை ஓடச் செய்தனர். எல்லையைக் கடந்த ஊர்திகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. நெரிசலில் வீணான நேரமோ அதனினும் மிகுதியாகக் குறைந்தது. நிறைந்த குடத்திலிருந்து சிறிது நீரை முகந்தாலே வழிவது நின்றுவிடும் அன்றோ?

தொடக்கத்தில் இக்கட்டணத்தை எதிர்த்தோர் மிகப் பலர். பயனைக் கண்ணாரக் கண்ட பின்னர் எண்ணம் மாறிற்று. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்களுள் பெரும்பாலார் அதை ஆதரித்தனர். 2007 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் அது நிலையான ஏற்பாடாயிற்று. பிறர்க்கு உண்டாகும் தாமதத்தை ஒவ்வொருவரும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி செய்ததே அக்கட்டணத்தின் நுட்பம் ஆகும்.

கட்டணம் ஒன்றே வழி என்பதில்லை. ஐம்பது பேரைச் சுமந்து செல்லும் பேருந்து ஒன்று, இரண்டு மூன்று கார்கள் கொள்ளும் இடத்தையே கொள்கின்றது. அவ்வைம்பதின்மரும் தனித்தனிக் காரில் புறப்படின் சாலை தாங்காது. அலுவலகமும் பள்ளியும் ஆலையும் ஒரே வேளையில் தொடங்காது முன்னும் பின்னுமாகத் தொடங்கினாலும் கூட்டம் பரவிக் குறையும். அண்மையிலுள்ள இடத்திற்கு நடந்தோ மிதிவண்டியிலோ செல்வோர், தமக்கு நலம் தேடுவதோடு பிறர்க்கும் வழி விடுகின்றனர். சாலையோரத்தில் நெறியின்றி ஊர்தியை நிறுத்தாதிருத்தலும், வரிசையை மீறிக் குறுக்கே புகாதிருத்தலும், நோயாளியை ஏற்றிவரும் ஊர்திக்கு ஒதுங்கி வழிவிடுதலும் எவரும் இன்றே செய்யத்தக்க எளிய செயல்கள்.

ஆறு என்னும் சொல்லுக்கு ஒழுகும் நெறி என்னும் மற்றொரு பொருளும் உண்டு. சாலையில் செல்லும் ஒருவர், 'எனக்கு விரைந்த வழி எது?' என்று வினவுதல் இயல்பே. அதனோடு, 'என் வரவால் பிறர் வழி எவ்வாறாகும்?' என்றும் வினவுவாராயின், அவர் செல்லும் வழி நல்வழியும் ஆகும். அவ்வாறு எண்ணும் மக்கள் பெருகிய நகரில் சாலை குறுகியதாயினும் பயணம் இனிது நடக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. குறுகிய வழிக்கும் விரைந்த வழிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. சப்பான் நாட்டு ஆய்வாளர்களின் சோதனையால் அறியப்படும் உண்மை யாது?

3. பாடத்தில் வரும் பாலக் கணக்கில் 600 ஊர்திகளுக்கு மாறாக 200 ஊர்திகளே செல்வதாகக் கொள்க. பாலம் கட்டுவதற்கு முன்னும் பின்னும் பயணத்திற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடுக. அப்போது பாலம் நன்மை செய்யுமா, தீமை செய்யுமா?

4. சியோல் நகரில் சாலையை அகற்றிய பின்னரும் நகரம் நின்றுவிடாமைக்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.

5. உங்கள் ஊரில் நெரிசல் மிகுந்த தெரு ஒன்றைத் தேர்ந்து, அங்கு நெரிசலைக் குறைப்பதற்குரிய வழிகளைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.